இருவருக்கு ஒரு பிரெட்: வீட்டில் முதல் லோஃப் சுடுவது எப்படி?

புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் பேக்கிங் பழக நினைத்தால் பெரும்பாலும் கேக்கில்தான் கை வைக்கிறார்கள். பிரெட்டில் தொடங்குங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. கேக் கலவை ஓவனுக்குள் போய்விட்டால் அதன்பின் எதையும் திருத்த வழியில்லை. பிரெட் மாவு மூன்று, நான்கு மணி நேரம் உங்கள் கண்முன்னே இருக்கும். உப்பவில்லையா, காத்திருக்கலாம். வேகமாக உப்புகிறதா, குளிர்ந்த இடத்துக்கு மாற்றலாம். தளர்ந்திருந்தால் இன்னும் சிறிது நேரம் பிசையலாம். இப்படித் திருத்தித் திருத்தியே கை பழகிவிடும்.

இங்கே சொல்லப்படும் அளவு இருவருக்கானது. 300 கிராம் மைதாவில் ஒரு சிறிய லோஃப். 12 அல்லது 13 துண்டுகள் வரும். ஆளுக்கு இரண்டு துண்டு என்று மூன்று காலை உணவுக்குப் போதும், பழசாகும் முன் தீர்ந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல 500 கிராம் மைதாவில் தொடங்குகின்றன. அந்த அளவு இரண்டு பேருக்கு அதிகம், கையால் பிசையவும் கடினம்.

வாங்க வேண்டியவை

முதல் செலவு டிஜிட்டல் தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சாதாரணத் தராசு போதும். கப் அளவை நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாகக் கொட்டினால் 120 கிராம் வரும், டப்பாவுக்குள் கப்பை அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். இரண்டரை கப் மைதாவில் இந்த வித்தியாசம் 75 கிராம். அதே தண்ணீரில் ஒரு நாள் மாவு கூழாகவும் இன்னொரு நாள் கல்லாகவும் வருவது இதனால்தான். ஆனால் இரண்டு, மூன்று கிராம் எடையை இந்தத் தராசுகள் சரியாகக் காட்டுவதில்லை. அதனால் ஈஸ்ட்டையும் உப்பையும் மட்டும் டீஸ்பூனால் அளந்துகொள்ளுங்கள். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம். பொடி உப்பானால் ஏறக்குறைய 6 கிராம்.

அடுத்தது டின். 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 7 உயரம் இந்த அளவுக்குப் பொருந்தும். வீட்டில் வேறு டின் இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விளிம்புவரை 1.3 முதல் 1.5 லிட்டர் கொண்டால் சரி. அதைவிடப் பெரிய டின்னில் பிரெட் உயராமல் தட்டையாக வரும். மாவு கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், பிழை டின்னில்தான் இருக்கும்.

ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றும், உணவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் இருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். ஸ்டாண்ட் மிக்சர் தேவையில்லை. 300 கிராம் மைதாவைப் பிசைய இரண்டு கைகள் தாராளம்.

அளவுகள்

மைதா 300 கிராம்
தண்ணீர் 190 கிராம்
வெண்ணெய் 18 கிராம், அறை வெப்பத்தில் இளகியது
சர்க்கரை 12 கிராம்
பொடி உப்பு 6 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்

தண்ணீரையும் தராசிலேயே எடை போடுங்கள். அளவுக் குவளையின் கோட்டைப் பார்த்து ஊற்றினால் 10, 15 மில்லி எளிதாகத் தவறிவிடும். இந்தச் சிறிய மாவில் அது கையிலேயே தெரியும்.

பேக்கரிக்காரர்கள் இதே அளவை மைதா 100 என்று வைத்துச் சொல்வார்கள்: தண்ணீர் 63, வெண்ணெய் 6, சர்க்கரை 4, உப்பு 2, ஈஸ்ட் 1. இந்த விகிதம் மனதில் பதிந்தால் எந்த அளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம். விருந்தாளிகள் வருகிறார்கள், 400 கிராம் மைதா போடவேண்டும் என்றால் தண்ணீர் 252 கிராம், உப்பு 8 கிராம். புதிதாக ஒரு குறிப்பு கண்ணில் பட்டாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் 60-க்குக் கீழே இருந்தால் மாவு இறுக்கமாக இருக்கும். 70-ஐத் தாண்டினால் கையில் ஒட்டும், பழகாதவர்களுக்குச் சமாளிப்பது கடினம்.

மைதா வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 10 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும், 11 அல்லது 12 இருந்தால் இன்னும் நல்லது. மைதாவில் உள்ள இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகின்றன. ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்துவைப்பது அந்த வலைதான். புரதம் குறைந்த கேக் மாவில் வலை பலவீனமாக இருக்கும், உப்பிய மாவு அமுங்கிவிடும். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவையும் தவிர்த்துவிடுங்கள்.

உப்பு சுவைக்கு மட்டும் என்று நினைத்து அதைக் குறைப்பவர்கள் உண்டு. உப்பு ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, குளூட்டனை இறுக்குகிறது. உப்பு மறந்துபோன மாவு பிசுபிசுப்பாக இருக்கும், கட்டுக்கடங்காமல் உப்பும், சுட்டபின் சப்பென்று இருக்கும். சர்க்கரையின் முக்கிய வேலை நிறமும் மென்மையும். மைதாவின் மாவுச்சத்திலிருந்தே ஈஸ்ட்டுக்கு வேண்டிய சர்க்கரை கிடைத்துவிடும், எனவே சர்க்கரை சேர்க்காமலும் பிரெட் உப்பும். இனிப்பு பிடிக்கும் என்று 10 சதவீதத்துக்கு மேல் போட்டால் ஈஸ்ட் மந்தமாகிவிடும்.

தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றினால் பிரெட் இன்னும் மென்மையாக வரும், மேல்தோலும் நன்றாகச் சிவக்கும். பாலில் ஏறக்குறைய 87 சதவீதம்தான் தண்ணீர். அதனால் 190 கிராம் தண்ணீருக்கு 215 கிராம் பால் எடுக்கவேண்டும்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை நேரடியாக மைதாவோடு கலக்கலாம். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்று எழுதியிருந்தால் 4 கிராம் எடுத்து, 190 கிராம் தண்ணீரிலேயே சிறு பகுதியை 40 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு அதில் கரைத்து 10 நிமிடம் வையுங்கள். மேலே நுரை பொங்கி நின்றால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரையே வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் புது ஈஸ்ட் வாங்குங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் பழையதாக இருந்தாலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். பாக்கெட்டைத் திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அடுப்பருகே அலமாரியில் வைத்த ஈஸ்ட் சீக்கிரம் வீரியம் இழக்கும்.

தண்ணீரின் சூடு

‘வெதுவெதுப்பான தண்ணீர்’ என்று குறிப்புகள் ஒற்றைச் சொல்லில் கடந்துபோகும் இந்த இடம் பிரெட்டில் மிக முக்கியமானது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்கவேண்டும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், சுவை சேரவும் நேரம் கிடைக்கும். மாவு 30-ஐத் தாண்டினால் உப்புவது வேகமாகிவிடும், சுவை மட்டாக இருக்கும், எப்போது ஓவனில் வைப்பது என்பதைக் கணிக்கவும் அவகாசம் இருக்காது.

கணக்கு எளிது. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் வெப்பத்தையும் மைதாவின் வெப்பத்தையும் கழியுங்கள். மிச்சம் நிற்பது தண்ணீரின் வெப்பம். அறை 32, மைதாவும் 32 என்றால் 78-லிருந்து 64 போக 14 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலந்த சூடு. அறையும் மைதாவும் 18 டிகிரியாக இருக்கும் குளிர்நாளில் 42 டிகிரி வேண்டும். கையால் பிசையும்போது ஏறும் சூடு சொற்பம், இந்தக் கணக்கில் விட்டுவிடலாம். மெஷினில் பிசைந்தால் உராய்வில் மாவு சூடேறும், தண்ணீரை இன்னும் குளிர்ச்சியாக எடுக்கவேண்டும்.

எப்படியிருந்தாலும் 45 டிகிரிக்கு மேல் போகவேண்டாம். 55-ஐத் தாண்டினால் ஈஸ்ட் விரைவில் செத்துவிடும். தண்ணீரில் விரலை வைத்தவுடன் எடுக்கத் தோன்றினால் அது ஈஸ்ட்டுக்கும் அதிகச் சூடு.

கலப்பதும் பிசைவதும்

அகலமான பாத்திரத்தில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை மூன்றையும் கலந்து தண்ணீரை ஊற்றுங்கள். கரண்டியாலோ கையாலோ கலந்து, உலர்ந்த மைதா எங்கும் தெரியாத நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். மேடுபள்ளமாக, அழகில்லாமல்தான் இருக்கும். மூடி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். இந்த இடைவெளியில் மைதா தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், குளூட்டன் தானாகவே உருவாகத் தொடங்கும். பிசையும் உழைப்பில் கணிசமான பங்கு இந்தக் காத்திருப்பில் மிச்சமாகிறது.

பிறகு உப்பைத் தூவி, மாவை மேடைக்கு மாற்றி ஐந்து நிமிடம் பிசையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி மறுபடி தள்ளவேண்டும். முதல் மூன்று நிமிடம் விரலெல்லாம் ஒட்டும். இந்த நேரத்தில் மைதா தூவவே கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஒரு மேசைக்கரண்டி மைதா ஏறக்குறைய 8 கிராம். ஒட்டுகிறதே என்று மூன்று கரண்டி தூவினால் மைதா 324 கிராம் ஆகிறது, தண்ணீரின் விகிதம் 63-லிருந்து 59-க்கு இறங்கிவிடுகிறது. மறுநாளே பிரெட் உலர்ந்து உதிர்வதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான். ஒட்டினால் கையைக் கழுவி, லேசான ஈரத்தோடு தொடருங்கள். ஒட்டிக் கிடப்பதை வழித்தெடுக்க ஒரு ஸ்கிராப்பர் உதவும்.

மாவு ஓரளவு திரண்டபின் வெண்ணெய் சேர்க்கவேண்டும். முன்பே சேர்த்தால் கொழுப்பு புரதத்தின் மேல் படிந்து, குளூட்டன் உருவாவதைத் தாமதப்படுத்தும். வெண்ணெயைச் சேர்த்ததும் மாவு வழுக்கும், துண்டு துண்டாகப் பிரியும், எல்லாம் கெட்டுப்போனதுபோல் தெரியும். இரண்டு நிமிடம் தொடர்ந்து பிசைந்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். அதற்குமேல் ஆறு முதல் எட்டு நிமிடம்.

இருவரும் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்ளலாம். கை வலி குறையும் என்பதைவிட முக்கியமான பலன் ஒன்று உண்டு. தொடர்ந்து பிசைபவருக்கு மாவு மாறிவருவது தெரியாது. புதிதாகக் கை வைப்பவர் அது மென்மையாகிவிட்டதா, இன்னும் முரடாக இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடுவார்.

போதுமா என்று பார்க்க, எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி எடுங்கள். இரு கை விரல்நுனிகளாலும் நான்கு பக்கமும் மெதுவாக விரித்துக்கொண்டே போய், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கிழியாமல் மெல்லிய சவ்வாக நீண்டு, விரலின் நிழல் ஊடாகத் தெரிந்தால் பிசைந்தது போதும். சவ்வு நடுவில் விட்டாலும் ஓட்டையின் ஓரம் வழவழப்பாக இருந்தால் பரவாயில்லை. விரிக்கத் தொடங்கும்போதே ஓரம் ஓரமாகப் பிய்ந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள். சரியான பதத்தில் மாவு காது மடல்போல் மென்மையாக இருக்கும், மேடையில் ஒட்டாது.

முதல் உப்பல்

மாவை உருட்டி, பக்கங்கள் நேராக உள்ள பாத்திரத்தில் போடுங்கள். வட்டக் கிண்ணத்தில் இரண்டு மடங்கு ஆனதா என்பது கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணாடி ஜாடியோ நேரான டப்பாவோ இருந்தால் மாவின் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள், எவ்வளவு ஏறியது என்பதில் சந்தேகமே இருக்காது. பாத்திரத்தை இறுக மூடவேண்டும். துணி மட்டும் போட்டால் மேல்பகுதி காய்ந்து தோலாகும், அந்தத் தோல் பிரெட்டுக்குள் கெட்டியான கோடாக நிற்கும்.

அறை 26 டிகிரியில் இருந்தால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், 32 டிகிரியில் முக்கால் மணி, 20 டிகிரியில் இரண்டு மணி அல்லது அதற்குமேலும் ஆகும். இந்த நேரங்களைத் தோராயமாகவே வைத்துக்கொள்ளுங்கள், முடிவு செய்யவேண்டியது ரப்பர் பேண்ட். மாவு இரண்டு மடங்கு ஆனதும், மைதா தொட்ட விரலை நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் குத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் ஆகிவிட்டது. உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். குத்தியதும் மாவே அமுங்கினால் நேரம் தாண்டிவிட்டது. இந்தக் கட்டத்தில் தாண்டினால் பெரிய நஷ்டம் இல்லை. காற்றை வெளியேற்றி வடிவம் கொடுத்து, அடுத்த உப்பலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஃப்ரிட்ஜ் முறை மிகவும் கைகொடுக்கும். ஈஸ்ட்டை அரை டீஸ்பூனாகக் குறைத்து இரவில் பிசைந்து, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் 10 முதல் 16 மணி நேரம் வரை தாங்கும். மெதுவாகப் புளிப்பதால் மணமும் சுவையும் கூடும். வெளியே எடுத்ததும் குளிர்ச்சியோடே வடிவம் கொடுக்கலாம், அப்போது ஒட்டாமல் எளிதாக வரும். டின்னில் போட்டபின் மட்டும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கொடுக்கவேண்டும், முதலில் மாவின் குளிர் விடவேண்டுமே.

வடிவம்

மாவை மேடையில் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டிப் பெரிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். டின்னின் நீளத்தைவிடச் சற்றுக் குறைந்த அகலத்தில் செவ்வகமாக்கி, மேலிருந்து கீழாக இறுக்கிச் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விரல்நுனியால் அழுத்திவிடவேண்டும். சுருள் முடியும் ஓரத்தைக் கிள்ளி மூடி, அந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி வெண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். மேடையில் மைதா அதிகம் தூவியிருந்தால் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும், அங்கே அடுக்குகள் ஒட்டாமல் வெட்டும்போது சுரங்கம்போல் ஓட்டை தெரியும்.

இரண்டாம் உப்பல்

கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். 26 டிகிரியில் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். மாவின் நடுப்பகுதி டின் விளிம்பைத் தொட்டதும் ஓவனைச் சூடாக்கத் தொடங்குங்கள். விளிம்புக்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் எழும்போது ஓவனும் தயாராக இருக்கும். மாவு ஆனபிறகு ஓவனைப் போட்டால், அது சூடாவதற்குள் மாவு தாண்டிவிடும்.

ஓரத்தில் விரலால் லேசாக அழுத்துங்கள். குழி மெதுவாக, பாதி மட்டும் எழுந்து நின்றால் ஓவனில் வைக்கவேண்டிய நேரம். டக்கென்று முழுதும் எழுந்தால் இன்னும் பத்து நிமிடம். எழவே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது. அப்போது டின்னிலிருந்து மாவை எடுத்து, காற்றை வெளியேற்றி, மறுபடி சுருட்டி வைத்தால் அரை மணி நேரத்தில் திரும்பவும் எழும். பலருக்கு இது செய்யலாம் என்பதே தெரிவதில்லை.

சுடுவது

190 டிகிரி, ஓவனில் ஃபேன் ஓடினால் 175. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். குறைந்தது 20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, உள்ளே வைத்த தெர்மாமீட்டரைப் பாருங்கள். சிறிய ஓவன்களில் திருகியில் வைத்த எண்ணும் உள்ளே உள்ள சூடும் 20 டிகிரி வரை வேறுபடுவது சகஜம். டின்னைக் கீழ்த் தட்டில் வையுங்கள், பிரெட் எழும்போது அதன் தலைக்கும் மேல் கம்பிக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டராவது இருக்கவேண்டும்.

முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கதவைத் திறக்கவேண்டாம். இந்த நேரத்தில்தான் ஈஸ்ட் கடைசியாக ஒரு முறை வேகமெடுக்கிறது, வாயு விரிகிறது, பிரெட் கண்ணெதிரே உயர்கிறது. கதவைத் திறந்தால் சூடு இறங்கி அந்த உயரம் நின்றுவிடும். 20 நிமிடத்தில் மேற்பகுதி போதுமான அளவு சிவந்திருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போர்த்திவிட்டு மீதி நேரத்தை விடுங்கள். மொத்தம் 32 முதல் 35 நிமிடம்.

நிறத்தை வைத்து வெந்துவிட்டதா என்று முடிவு செய்யாதீர்கள். நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 93 டிகிரி காட்டவேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்குத் தராசு உதவும். டின்னில் போட்ட மாவின் எடை ஏறக்குறைய 525 கிராம் இருக்கும். வெந்த பிரெட்டில் 10 சதவீதமாவது குறையவேண்டும், அதாவது 470 கிராமோ சற்றுக் கீழேயோ. 500-க்கு அருகே நின்றால் டின் இல்லாமல் நேரடியாகக் கம்பித் தட்டில் வைத்து இன்னும் ஐந்து நிமிடம் சுடுங்கள்.

வெளியே எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் டின்னிலிருந்து எடுத்துவிடவேண்டும். டின்னுக்குள்ளேயே ஆறவிட்டால் நீராவி வெளியேற வழியில்லாமல் பக்கங்கள் நசநசத்து உள்வாங்கும். கம்பித் தட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆறட்டும். வாசனை இழுக்கும்தான், ஆனாலும் சூட்டில் வெட்டாதீர்கள். உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. அப்போது கத்தி போட்டால் பிரெட் நசுங்கி, கத்தியில் பசை ஒட்டும், நன்றாக வெந்த பிரெட்டும் வேகாததுபோல் தெரியும். பல் உள்ள கத்தியால், அழுத்தாமல் அறுப்பதுபோல் வெட்டினால் துண்டுகள் நேராக வரும்.

என்ன தவறு, எங்கே?

பக்கவாட்டில் டின் விளிம்பை ஒட்டி நீளமாக வெடித்திருக்கிறதா? இரண்டாம் உப்பல் போதவில்லை. மேல்தோல் இறுகியபின்னும் உள்ளே மாவு விரியத் துடித்ததால் பலவீனமான இடத்தில் கிழிந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, தலை தட்டையாகவோ குழிந்தோ, தோல் சுருங்கி, வெட்டினால் மேல்பக்கம் பெரிய துளைகளும் அடியில் அடர்த்தியுமாக இருந்தால் உப்பல் நேரம் தாண்டிவிட்டது. லேசான சாராய வாடை வந்தால் உறுதி. இரண்டில் முதல் குறைதான் மேல், வெடித்த பிரெட் சுவையாகத்தான் இருக்கும்.

அடியில் மெழுகுபோல் ஈரக்கோடு தெரிந்தால் வேக்காடு குறைவு. ஓவன் முன்கூட்டிச் சூடாகாததும் கீழ்க் கம்பி எரியாததும் அடிக்கடி காரணம். மேலே கருகி உள்ளே வேகாமல் இருந்தால் தட்டை இறக்கி வைத்து, சூட்டை 10 டிகிரி குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள்.

மாவு இரண்டு மணி நேரமாகியும் அசையவில்லை என்றால் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். முதலில் மாவின் சூட்டைப் பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் குளிர்தான் காரணம், ஒரு பாத்திரம் சுடுநீரோடு மூடிய ஓவனுக்குள் வையுங்கள், ஓவனைப் போடவேண்டாம். சூடு சரியாக இருந்தும் எழவில்லை என்றால் ஈஸ்ட் செத்திருக்கிறது. அரை டீஸ்பூன் புது ஈஸ்ட்டை ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அதே மாவில் பிசைந்து சேர்த்தால் காப்பாற்றிவிடலாம்.

இரண்டாவது, மூன்றாவது லோஃபில் ஒவ்வொரு மாற்றமாகச் செய்யுங்கள். முழுக்கோதுமை மாவு சேர்க்க ஆசையிருந்தால் 300-ல் 90 கிராமை மட்டும் மாற்றி, தண்ணீரை 10 கிராம் கூட்டுங்கள். தவிடு தண்ணீரை அதிகம் குடிக்கும், குளூட்டன் வலையையும் அறுக்கும். எடுத்த எடுப்பில் முழுவதும் கோதுமை என்று இறங்கினால் செங்கல்தான் மிஞ்சும்.

வைத்துச் சாப்பிட

பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பிரெட் இறுகுவது ஈரம் போவதால் மட்டுமல்ல, வெந்த மாவுச்சத்து மறுபடி படிகமாவதாலும்தான். அது ஃப்ரிட்ஜின் குளிரில் மிக வேகமாக நடக்கும். அறையில் மூடிய டப்பாவில் இரண்டு, மூன்று நாள் நன்றாக இருக்கும். வெக்கையும் ஈரமும் உள்ள நாட்களில் இரண்டே நாளில் பூசணம் வரலாம். ஒரு துண்டில் பூசணம் தெரிந்தாலும் முழு லோஃபையும் போட்டுவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளே பரவியிருக்கும். பூசணமே இல்லாமல், உட்பகுதி பிசுபிசுத்து நூலிழுத்து, அழுகிய பழ வாடை அடித்தால் அது பாக்டீரியாவின் வேலை. அதையும் சாப்பிடக் கூடாது. டப்பாவை வினிகர் போட்டுக் கழுவிக் காயவையுங்கள்.

முழுதாக ஆறிய அன்றே பாதி லோஃபை வெட்டி, நான்கு நான்கு துண்டாகப் பையில் போட்டு, காற்றை நீக்கி ஃப்ரீசரில் வைப்பது சிறந்த வழி. ஒரு பை இருவரின் ஒருவேளைக் காலை உணவு. ஒரு மாதம் வரை சுவை குறையாது. உறைந்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடலாம், வெளியே எடுத்து இளகவிட வேண்டியதில்லை. சூட்டில் மாவுச்சத்து மறுபடி இளகுவதால் அன்று சுட்டதுபோல் மென்மை திரும்பும். ஆனால் ஆறினால் முன்னைவிடச் சீக்கிரம் இறுகிவிடும், சூட்டோடு சாப்பிட்டுவிடவேண்டும்.

நுனித் துண்டுகளும் காய்ந்துபோனவையும் சேர்ந்தால், உதிர்த்து 120 டிகிரியில் 20 நிமிடம் ஓவனில் உலர்த்தி, ஆறியபின் மிக்சியில் பொடித்துக்கொள்ளுங்கள். கையால் நொறுக்கினால் பொடிப்பொடியாக உடையும் அளவுக்கு உலர்ந்திருக்கவேண்டும். ஈரம் இருந்தால் டப்பாவிலேயே பூசணம் பிடிக்கும்.